பல் வைத்தியர் பதில்கள்: அப்பாவின் மோர்பினைக் குறைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. புரொஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. மகரகமவில் கிளினிக் போகிறோம். ஐந்து மாதமாக மோர்பின் குளிசை எடுக்கிறார், நோ அடங்கியிருந்தது. இப்போது முரசு வீங்கி, பல் துலக்கினால் இரத்தம் வருகிறது. கீழ் முன்பற்களுக்கு நடுவில் சதை வளர்ந்த மாதிரி இருக்கிறது. மேல் கட்டுப்பல் போட்டால் எரிகிறதாம். வாய் காய்கிறதென்று டொபி சூப்பிக்கொண்டே இருப்பார். இந்த வகை மருந்து பல்லை அழிக்கும் என்று அமெரிக்காவில் எச்சரித்திருக்கிறார்கள், நிறுத்து என்று கனடாவில் இருக்கும் அண்ணா சொல்கிறார். ஒரு கிழமையாக இரவுக் குளிசையை நான் கொடுக்கவில்லை. அப்பா விடியும்வரை முனகுகிறார். ஆடுகிற பல்லொன்றைச் சனிக்கிழமை கழற்ற இருக்கிறோம். பிரஷருக்கு அம்லோடிபின் எடுக்கிறார், எலும்புக்கு மாதம் ஒருமுறை ஊசி மருந்து ஏற்றுகிறார்கள். என்ன செய்வது?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் இரண்டு விஷயம் சொன்னேன். சனிக்கிழமை பல்லைக் கழற்ற வேண்டாம். இரவு மருந்தை நிறுத்தியதைக் கிளினிக் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் சொல்லும் அளவில் திரும்பத் தொடங்குங்கள். உங்களைப்போல் வீட்டில் நோயாளியை வைத்துப் பார்க்கும் மற்றவர்களுக்காக அதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

மோர்பின் முரசை நேரடியாக அரிப்பதில்லை. அது உமிழ்நீரைக் குறைக்கிறது, தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. சுகமாக உள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரை லீட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கும். சாப்பாட்டுத் துணுக்கைக் கழுவுவது, அமிலத்தைத் தணிப்பது, பல்லுக்குக் கல்சியம் கொடுப்பது, கிருமியை அடக்குவது எல்லாம் அதன் வேலை. அது வற்றினால் முரசோரத்தில் அழுக்குப் படியும், முரசு சிவந்து இரத்தம் கசியும், பல்லின் அடிப்பக்கம் சூத்தை விழும். நரம்பு நோவுக்காக அமிட்ரிப்டிலினும் சேர்த்துக் கொடுத்திருந்தால் வாய் இன்னும் காயும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பல்லடியில் சீழ் கட்டினாலும் மோர்பின் அந்த நோவை மூடிவிடும். அப்பா சொல்லமாட்டார், நீங்கள்தான் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

அந்த டொபிப் பேணியைத் தலைமாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். உமிழ்நீர் இல்லாத வாயில் சீனி மணிக்கணக்காகத் தங்கும். தேசிக்காய்த் தண்ணீரும் வேண்டாம். சீனியில்லாத சுவிங்கம் மெல்ல முடிந்தால் நல்லது, இல்லாவிட்டால் சின்ன ஐஸ் துண்டு. பச்சைத்தண்ணீரை மிடறு மிடறாகக் குடிக்கட்டும்.

சதை வளர்ந்த மாதிரி என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மோர்பினைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு அம்லோடிபினில்தான் சந்தேகம். பிரஷருக்கே கொடுக்கும் நிஃபெடிபின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டொயின், உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவையும் சிலருக்கு முரசை இப்படித் தடிக்க வைக்கும். அழுக்கு சேர்ந்த இடத்தில் வளர்ச்சி கூட இருக்கும். பிரஷர் வைத்தியரிடம் மாற்று மருந்து கேளுங்கள். மாற்றினால் பலருக்கு வீக்கம் மெல்ல வற்றும். நீங்களாக நிறுத்தக் கூடாது.

கட்டுப்பல்லுக்குக் கீழே எரிவு என்றதும் என் அம்மாவின் ஞாபகம் வந்தது. அவவும் கடைசி வருஷம் மோர்பினில்தான் இருந்தா. ஒருநாள் கட்டுப்பல்லைக் கழற்றிப் பார்த்தேன், மேலண்ணம் முழுக்கச் சிவந்து, ஓரங்களில் துடைத்தால் வரும் வெள்ளைப் படலம். வறண்ட வாயில் பூஞ்சணம் அப்படித்தான் பிடிக்கும். நிஸ்டாட்டின் துளிமருந்தும், இரவில் கட்டுப்பல்லைக் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வைப்பதுமாக மாறியது. திரும்ப இரண்டு வாய் கஞ்சி குடித்தா. அப்பாவுக்கும் அதுவாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

இனி அந்தச் சனிக்கிழமை. எலும்புக்கு ஏற்றும் மருந்து சோலெட்ரோனிக் அசிட்டா, டெனொசுமாப்பா என்று கிளினிக் புத்தகத்தில் பாருங்கள். இரண்டில் எதுவானாலும், பல்லைக் கழற்றிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் நிலை வரலாம். புற்றுநோய் வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, வார்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலைக்கு அப்பாவைக் கூட்டிப்போங்கள். எல்லாக் குளிசை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

அண்ணா சொன்னதும் பொய்யில்லை. 2022 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரித்தது, மோர்பின் வகையைச் சேர்ந்த, வாய்க்குள் கரையவிடும் பியூப்ரெனோர்ஃபின் என்ற மருந்தைப் பற்றி. முன்பு பல் வருத்தம் இல்லாதவர்களுக்கும் சூத்தையும் வாய்த் தொற்றும் வந்திருந்தன. அங்கேகூட மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. கரைந்தபின் தண்ணீரால் மெதுவாக அலசி விழுங்குங்கள், பல் துலக்க ஒரு மணித்தியாலம் பொறுங்கள் என்றுதான் சொன்னார்கள். அப்பா விழுங்குவது வேறு மருந்து. இதை அண்ணாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வீட்டில் மென்மையான பிரஷ், ஃபுளோரைட் பற்பசை, காலையும் இரவும். நுரையைத் துப்பட்டும், தண்ணீர் விட்டு அலச வேண்டாம். இரத்தம் வருகிறதென்று துலக்குவதை விட்டால் இன்னும் கூடும். சாப்பிட்டபின் ஒரு கிளாஸ் தண்ணீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடா கலந்து கொப்பளித்துத் துப்பலாம். அற்ககோல் கலந்த மவுத்வொஷ் வாங்காதீர்கள், எரியும்.

கேள்வி: முதுகு நோவுக்கு மூன்று கிழமையாக டிரமடோல் எடுக்கிறேன். நேற்றிலிருந்து காய்ச்சல், முரசில் இரத்தம். மருந்தின் பக்கவிளைவா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: டிரமடோலும் வாயைக் காயவைக்கும். ஆனால் கொழும்பில் காய்ச்சலோடு முரசில் இரத்தம் என்றால் நான் முதலில் நினைப்பது டெங்கு. இதையும் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்: அஸ்பிரின், இபுப்ரோஃபென் தொடாதீர்கள், பல் வைத்தியரைத் தேட வேண்டாம், இன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.