1950, 60களில் வந்த டைவர் வாட்ச் சேகரிக்க ஆசை. திருநெல்வேலிப் பக்கம் கிடைக்குமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கிடைக்கும். டைவர் வாட்ச் என்பது கடலில் முங்குகிறவர்களுக்காக வந்தது. வாங்கும்போது முதலில் டயலைப் பாருங்கள். டயல் பிறந்தபடியே இருக்கிறதா, யாராவது கை வைத்தார்களா என்று தெரிந்தபிறகு பிராண்டு, மெஷின், விலை எல்லாம் பேசிக்கொள்ளலாம். இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் மாமாவின் வாட்ச்சைக் கெடுத்து.

மாமா, அம்மாவின் அண்ணன். தூத்துக்குடியிலிருந்து சரக்குக் கப்பலுக்குப் போனவர், இன்ஜின் ரூமில் வேலை. 1960களின் கடைசியில் சிங்கப்பூரில் ஒரு சுவிஸ் வாட்ச் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். பெரிய பேர் உள்ள கம்பெனி இல்லை. ஆனால் அதில் திருகு இரண்டு. கீழே இருப்பது கீ கொடுக்கவும் நேரம் வைக்கவும். மேலே இருப்பதைத் திருகினால் கண்ணாடிக்கு உள்ளேயே ஒரு வளையம் சுற்றும். லீவுக்கு அவர் வந்தால் பிள்ளைகள் எங்களுக்கு அந்த வளையத்தைச் சுற்றுவதுதான் வேலை. "ஏல, மெதுவாத் திருகு" என்பார், ஆனால் கையைத் தட்டிவிட மாட்டார்.

அவர் இறந்து சில வருஷம் கழித்து அத்தை அதை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். கறுப்பு டயல் வெளிறிக் காப்பித்தூள் நிறத்துக்கு வந்திருந்தது. மணிப்புள்ளிகள் மஞ்சள் பாரித்திருந்தன. புதுசாக்கி அத்தையிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு. வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்தேன். டயலுக்குப் புதுப் பெயிண்ட், கேஸுக்கு பாலிஷ், திருகு இரண்டும் புதுசு. கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தது. அதைக் கட்டிக்கொண்டு டவுனில் வாட்ச் பழுது பார்க்கும் வயசான அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மெஷின் நல்லா இருக்கு தம்பி. டயல எதுக்கு அழிச்சிய?" என்றார். அத்தை அதைவிடக் குறைவாகத்தான் பேசினார்கள். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அவுக வாட்ச்தானா?" என்று கேட்டார்கள்.

அந்த டயலில் என்ன போயிற்று என்று சொல்ல, இந்த வாட்ச்கள் எதற்காக வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு முங்கும் கருவியை கூஸ்தோவும் காக்னானும் 1943இல் பிரான்ஸில் உருவாக்கினார்கள். அதுவரை பெரும்பாலும் தம் கட்டும் நேரம்தான் வெறும் உடம்போடு முங்குகிறவருக்குக் கடலடி நேரம். இந்தக் கருவி வந்ததும் நீண்ட நேரம் உள்ளே இருக்க முடிந்தது, கூடவே நேரக் கணக்கும் உயிர்க் கணக்கானது. உருளையில் காற்று எப்போது தீரும், எத்தனை நிமிஷத்துக்கு மேல் இருந்தால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே ஏறும்போது குமிழியாகும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிளாங்பான் என்ற சுவிஸ் வாட்ச் கம்பெனியை நடத்திய ழான் ழாக் ஃபீஷ்டர் தானே கடலில் முங்குகிறவர். நேரம் தெரியாமல் காற்றுத் தீரும் கட்டம்வரை போய்த் தப்பியவர். பிரெஞ்சுப் போர் முங்கு வீரர்களுக்கு வாட்ச் தேடிக்கொண்டிருந்தவர்கள் பாப் மலூபியே, குளோத் ரிஃபோ. இரு பக்கத் தேவையும் சேர்ந்து 1953இல் 'ஃபிப்டி ஃபேதம்ஸ்' வந்தது. ரோலெக்ஸ் சப்மரைனர், சோடியாக் சீ வுல்ஃப் இரண்டும் அதே வருஷத்துக்காரர்கள்தான்.

ஃபேதம் என்பது நம்ம கடற்கரை ஆட்கள் சொல்லும் பாகம். இரண்டு கையையும் விரித்தால் வருகிற அளவு, ஆறு அடி. ஆக அந்த வாட்ச்சின் பெயரே ஐம்பது பாகம், 300 அடி. இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அங்கே அந்த வாட்ச் விற்பனைக்கு வந்த அதே காலத்தில் மன்னார் வளைகுடாவில் நம்மாட்கள் கயிற்றில் கட்டிய கல்லோடு இறங்கி, தம் கட்டி, சிப்பி அள்ளிக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.

டைவர் வாட்ச்சின் வளையம் அலங்காரத்துக்கு இல்லை. முங்கும்போது வளையத்தின் முக்கோணக் குறியை நிமிஷ முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், பிறகு முள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அத்தனை நிமிஷம் ஆகிவிட்டது என்று அர்த்தம். வெளி வளையம் பாறையில் இடித்து நகர்ந்தால் கணக்குத் தப்பும், தப்பினால் ஆள் மிஞ்சமாட்டான். தொடக்க கால சப்மரைனரில் வளையம் இரண்டு பக்கமும் சுற்றும். பிளாங்பானில் அழுத்தினால்தான் சுற்றும். மாமாவின் வாட்ச்சில் வளையம் கண்ணாடிக்குள் இருந்ததற்கும் இதுதான் காரணம்: எதிலும் இடிக்காது. கலங்கிய இருட்டுத் தண்ணீரில் இதையெல்லாம் ஒரே பார்வையில் படிக்க வேண்டும் என்பதால்தான் மினுக்கம் இல்லாத கறுப்பு டயலும் தடித்த ஒளிப்புள்ளிகளும். டைவர் வாட்ச்சின் மொத்த வேலையும் முகத்தில் இருக்கிறது.

அந்த ஒளிக்கு வருகிறேன். இருட்டில் மின்னும் எதையும் நாம் 'ரேடியம்' என்கிறோம், சைக்கிளில் ஒட்டும் ஸ்டிக்கரைக்கூட. 1950களின் வாட்ச்சில் இருந்தது அசல் ரேடியம். 1960களில் அதை விட்டு டிரிட்டியம் என்ற வேறொரு கதிர்வீச்சுப் பொருளுக்கு மாறினார்கள். அப்படி மாறிய பல சுவிஸ் டயல்களில் ஆறு மணிக்குக் கீழே, ஓரத்தில், பொடி எழுத்தில் 'ஸ்விஸ்' என்று போட்டு இரண்டு பக்கமும் 'டி' போட்டிருப்பார்கள். மாமாவின் டயலில் இருந்தது அதுதான். பெயிண்ட் அடித்தவருக்கு அது தேவையில்லாத புள்ளியாகப் பட்டிருக்கும். புது டயலில் அது இல்லை.

டிரிட்டியத்தின் பலம் 12 வருஷத்துக்குச் சற்று மேல் ஆனால் பாதியாகும். அறுபது வருஷத்தில் முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே நிஜமான 1960கள் டயல் இருட்டில் மின்னக் கூடாது. ரூபாய் நோட்டு சோதிக்கும் ஊதா விளக்கைக் காட்டிப் பாருங்கள்: லேசாக எழும்பி உடனே அணைந்தால் பழசு. விளக்கை அணைத்தபிறகும் பச்சையாக எரிந்துகொண்டே இருந்தால் அது 1990களிலிருந்து வந்த பூச்சு. டயல் புள்ளியும் முள்ளும் ஒரே மாதிரி மஞ்சளித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று வெளுத்து ஒன்று பழுத்திருந்தால் ஏதோ ஒன்று மாற்றியது.

ரேடியம் வேறு கதை, இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். அது பாதியாக 1600 வருஷம் ஆகும். அதோடு கலந்த ஒளிப்பொடி செத்துவிட்டதால் மின்னாது, கதிர்வீச்சு மட்டும் அப்படியே இருக்கும். 'டி' இல்லாத 1950கள் டைவர் வாட்ச் கிடைத்தால் பின்மூடியைத் திறக்காதீர்கள், புள்ளியைச் சுரண்டாதீர்கள், உதிர்ந்த பொடி மூச்சில் போகக் கூடாது. அமெரிக்காவில் தூரிகை முனையை உதட்டில் நனைத்து டயல் எழுதிய பெண்கள் பலர் தாடை அழுகிச் செத்தார்கள்.

கேஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு திருகு, உள்ளே வளையம் என்ற அமைப்பில் வந்த வாட்ச்களில் நிறைய கேஸ்களை எர்வின் பிக்கரே என்ற சுவிஸ் நிறுவனம் செய்து பல கம்பெனிகளுக்குக் கொடுத்தது. லாஞ்சின்ஸ், ஜேஜர் லெகூல்த், எனிகார், யூனிவர்சல் ஜெனீவா எல்லாரும் வாங்கினார்கள். ஆழம் போகப்போகத் தண்ணீரின் அழுத்தமே பின்மூடியை வாஷரோடு இறுக்கும், அதுதான் அதன் நுட்பம். பெயர் 'சூப்பர் கம்ப்ரஸர்'. பின்மூடியின் உள்பக்கம் முங்கு வீரரின் தலைக்கவசம் முத்திரையாக இருக்கும். திருகுகளின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வெட்டியிருக்கும். என் வாட்ச்சில் தலைக்கவசம் மட்டும் தப்பியது. திருகுகளைக் கேட்டு அந்தக் கடைக்குத் திரும்பப் போனேன், குப்பையில் போய்விட்டது என்றார்கள். ஆகவே சர்வீஸுக்குக் கொடுத்தால் மெஷினை மட்டும் சுத்தம் பண்ணி எண்ணெய் போடச் சொல்லுங்கள். கழற்றுகிற பழைய பாகம் ஒவ்வொன்றையும் கவரில் போட்டுத் திருப்பித் தரவேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

புதுசாகப் பளபளவென்று ஆன்லைனில் வரும் 'பம்பாய் டயல்' பக்கம் போகாதீர்கள். பழைய மெஷினில் ஆரஞ்சு, பச்சை என்று பெயிண்ட் அடித்துப் பெரிய கம்பெனிப் பெயரை எழுதியிருப்பார்கள். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும். இன்னொன்று, பெயரில் கடல் இருந்தால் டைவர் வாட்ச் ஆகிவிடாது. நம்ம தாத்தாக்கள் கட்டிய ஃபேவர் லூபா சீ சீஃப், சீ கிங் எல்லாம் நல்ல வாட்ச்கள், ஆனால் ஆபீசுக்குக் கட்டுகிறவை. அதே கம்பெனி 1968இல் ஆழத்தையே அளந்து காட்டும் 'பேத்தி' (Bathy) வாட்ச் போட்டது, அது நிஜமான கடல் வாட்ச்.

தேட வேண்டிய இடம் கடை இல்லை, வீடு. தூத்துக்குடியில் கப்பலுக்குப் போனவர்கள் வீடுகள், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் என்று யாவாரம் போய்வந்த காயல்பட்டினத்துக் குடும்பங்கள், பிறகு பழுது பார்ப்பவர்களின் மேசை டிராயர். 1965இல் வந்த சீகோவின் முதல் டைவர் வாட்ச் (150 மீட்டர் தாங்குவது) மாதிரி ஒன்று அப்படி ஒரு டிராயரில் கிடந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனால் ஒரு வீட்டுக்குள் போய் வாட்ச் கேட்டால் அதன் மதிப்பு என்ன என்று அவர்களுக்கு நேராகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். விவரம் தெரியாத ஒரு அம்மாவிடம் பீரோவில் கிடந்ததை அடிமாட்டு விலைக்கு வாங்கி வருவதைச் சேகரிப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைசியாகத் தண்ணீர். அறுபது வருஷ ரப்பர் வாஷர் கருவாடாகியிருக்கும். டயலில் எத்தனை மீட்டர் எழுதியிருந்தாலும் குறுக்குத்துறையில் குளிக்கும்போதுகூடக் கழற்றிக் கரையில் வையுங்கள். கடலோரத்தில் வீடு என்றால் உப்புக்காற்று போதும் டயலைத் தின்ன. மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கலாம்.

வாங்கும் முன் டயலை நேர் வெளிச்சத்தில் ஒன்று, சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று, திருகுகளை ஒன்று என்று படம் எடுத்து அனுப்புங்கள். 'டி' இருந்தால் பின்மூடியின் உள்பக்கத்தையும் திறந்து காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். பாளையங்கோட்டை வர முடிந்தால் வாட்ச்சையே கொண்டுவாருங்கள், லென்ஸ் வைத்துப் பார்த்துவிடலாம்.