ஜி.சி.எஸ்., நியூஸ் ஸ்கோர்: ஐ.சி.யு. நர்ஸிடம் கேளுங்கள்

காரைக்குடிப் பக்கம் 26 வருஷம் ஐ.சி.யு.வில் நர்ஸாக இருந்தேன். ஸ்கோர் பற்றி மட்டும் கேளுங்கள். ஜி.சி.எஸ். என்பது நோயாளிக்கு நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் எண்; குறைந்தால் மோசம். நியூஸ் என்பது மூச்சு, நாடி, பிரஷர் போன்றவற்றைப் பார்த்துப் போடும் எச்சரிக்கை எண்; ஏறினால் மோசம். மருந்து, டோஸ் வேண்டாம்.

பினாங்கிலிருந்து: அப்பச்சி தேவகோட்டையில் அட்மிட். ஜி.சி.எஸ். 15க்கு 3 என்கிறார்கள். 20 சதவீதம் நினைவு இருக்கிறதா?

இல்லை தம்பி. அதில் பூஜ்யமே கிடையாது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. ஒன்றுமே இல்லாவிட்டாலும் இந்த மூன்றில் ஒவ்வொன்றுக்கும் 1 உண்டு. ஆக, 3தான் அடிமட்டம். 1974ல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு டாக்டர்கள் வகுத்தது. ஆனால் தூங்க ஊசி போட்டிருந்தால் எண் தானாக இறங்கும். வாயில் ட்யூப் இருந்தால் பேச்சை அளக்கவே முடியாது. இரண்டையும் விசாரியுங்கள். மூன்று எண்ணையும் தனித்தனியாகக் கேளுங்கள், நேற்று எவ்வளவு என்பதையும்.

புதுவயல்: மாமாவுக்கு நியூஸ் ஸ்கோர் 8. பிழைப்பாரா?

7 வந்தாலே டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டும். அதற்கான மணி அது. ஆயுசைச் சொல்லாது.

நர்சிங் மாணவி, கானாடுகாத்தான்: எதில் அதிகம் தப்பு நடக்கிறது?

மூச்சில். சார்ட்டைப் புரட்டினால் காலை 18, மதியம் 18, ராத்திரி 18. எண்ணாமல் எழுதியது! 18க்கு நியூஸில் 0. உண்மையில் 26 இருந்தால் 3. அந்த 3 ஒன்றுக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிஷம் எண்ணும்மா. மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மாறிவிடும்.

கோட்டையூர்: ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பட்டுமா?

வேண்டாம். ஸ்கேன் டாக்டரிடம் காட்டுங்கள்.

பள்ளத்தூர்: 2021ல் எங்கள் ஆயாவிடம் என்ன வருஷம் என்றார்கள். "பிலவ" என்றார். குழப்பம் என்று பேச்சுக்கு 4 போட்டுவிட்டார்கள்!

ஆயா சொன்னது சரி. அந்தச் சித்திரையில் பிறந்தது பிலவதான். 5 போட்டிருக்க வேண்டும். காது கேட்காதவருக்கும் இதே கதி. கருவியை மாட்டிவிட்டு, ஆயாவுக்குப் புரிகிற பேச்சில் கேட்க வேண்டும்.

ஒரு டாக்டர், திருப்பத்தூர்: ஏற்க மாட்டேன் சிஸ்டர். ஆளுக்கொரு விதி வைத்தால் ஷிப்ட் மாறும்போது எண்ணை எப்படி ஒப்பிடுவது?

விதியை மாற்றவில்லை டாக்டர். நாள், இடம், ஆள் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே டாக்டர்: ராத்திரி டியூட்டிக்கு வரும் பிள்ளைக்குப் பிலவ தெரியுமா?

தெரியாது. அது நியாயம். அதனால்தான் எண்ணுக்குப் பக்கத்தில் "தமிழ் வருஷம் சொன்னார், சரி" என்று எழுதச் சொல்கிறேன். 5லிருந்து 4க்கு நிஜமாகவே இறங்கும் ராத்திரி, மூளையில் ரத்தம் கசிகிற ராத்திரியாக இருக்கலாம். முதல் நாளே 4 என்று எழுதிவிட்டால் அந்த இறக்கம் யார் கண்ணிலும் படாது.

அரியக்குடி: நியூஸ் 9. பிழைப்பாரா?

புதுவயல்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். டாக்டர் வந்து பார்த்தாரா? இல்லையென்றால் போனை வைத்துவிட்டு இப்போதே போய்க் கூப்பிடுங்கள்.