லேசிக்குக்குப் பின் உலர் கண்: வாசகர் கேள்விகள்

லேசிக் (கண்ணாடி போடாமலிருக்கச் செய்யும் லேசர் ஆபரேஷன்) முடிந்து ஐந்து வாரம். காலையில் கண் திறந்தாலே மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது. ஆபரேஷன் தோற்றுவிட்டதா? (ஈரோடு வாசகி)

இல்லை. ஃபிளாப், அதாவது கருவிழி மேல் மூடி போன்ற மெல்லிய படலம், வெட்டும்போது கருவிழி நரம்பிழைகளும் அறுபடும். கண் காய்ந்த சேதி மூளைக்குப் போனால்தானே கண்ணீர் சுரக்கும்? நரம்பு மறுபடி வளர ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம் ஆகும். முதல் மூன்று மாதம்தான் படுத்தும். இரவில் ஜெல் போடுங்கள். ஃபேன் காற்று முகத்தில் அடிக்க வேண்டாம்.

கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. இதுவா உலர் கண்?

இதுவும்தான். காய்ந்த எரிச்சலில் வரும் தண்ணீர் கண்ணில் தங்காது, வழிந்துவிடும்.

ஸ்மைல் முறையில் (ஃபிளாப் இல்லாத லேசர் ஆபரேஷன்) கண் உலராதாமே?

குறைவாக உலரும். ‘உலராது’ என்பது விளம்பரம். லேசிக்கில் வெட்டு ஏறக்குறைய 20 மி.மீ., ஸ்மைலில் 2 முதல் 4.

பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் எட்டு மாதமாக அதே சொட்டு மருந்து வாங்கிப் போடுகிறேன். வெள்ளை மூடி, குலுக்கினால் பால் மாதிரி வரும். நன்றாகக் கேட்கிறது. தொடரலாமா?

மருந்தின் பெயரை எழுதாமல் ‘வெள்ளை மூடி’ என்றால் நான் ஜோசியமா பார்ப்பது? குலுக்கினால் பால் மாதிரி வரும் என்கிறீர்கள். ஆபரேஷன் முடிந்த கையோடு சில வாரத்துக்கென்று கொடுத்த ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். கேட்கத்தான் செய்யும், சிவப்பு, உறுத்தல் எல்லாம் அடங்கும். ஆனால் மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் வலியே இல்லாமல் ஏறும். கண்புரையும் வரலாம். இன்னொன்று: லேசிக்கில் கருவிழி மெலிந்திருப்பதால் கருவி அழுத்தத்தைக் குறைத்தே காட்டும். ‘நார்மல்’ என்று அனுப்பிவிடுவார்கள். இந்த வாரமே பாட்டிலோடு டாக்டரிடம் போய், லேசிக் செய்ததை முதலில் சொல்லுங்கள். செயற்கைக் கண்ணீர் வேறு, ஸ்டீராய்டு வேறு. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்று லேபிளில் இருந்தால் அது கண்ணீர். அதையும் நாளுக்கு நாலைந்து தடவைக்கு மேல் விடுகிறவர்கள் பிரிசர்வேட்டிவ் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். எத்தனை தடவை எழுதிவிட்டேன், லேபிளைப் படியுங்கள் என்று!

கண்ணீரை அளக்கும் ஷிர்மர் டெஸ்டில் 4 மி.மீ. அடுத்த வாரம் லேசிக். செய்துகொள்ளலாமா?

தள்ளிப் போடுங்கள். இமையில் வைக்கும் காகிதம் ஐந்து நிமிஷத்தில் 10 மி.மீ.க்கு மேல் நனைந்தால் நல்லது. 5-க்குக் கீழ் என்றால் முதலில் வறட்சிக்கு வைத்தியம். வறட்சிக்குக் காரணமும் தெரிய வேண்டும்: முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறீர்களா? வாய் உலர்கிறதா, மூட்டு வலிக்கிறதா? இதையெல்லாம் சர்ஜனிடம் சொன்னீர்களா?

பாட்டி விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார்.

தலைக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாப் வெட்டிய கண்ணில் விளக்கெண்ணெயும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம், மெடிக்கல்காரர் தானாக எடுத்துக் கொடுக்கும் சொட்டும் வேண்டாம்.