பயனிலை என்றால் வினைச்சொல் மட்டுமா?

கேள்வி: மகள் தரம் 8. ‘மை அங்கிள் செல்ஸ் கேர்ட் இன் த மார்க்கட்’ என்ற வசனத்தில் எழுவாயையும் பயனிலையையும் பிரிக்கச் சொன்னார்கள். பயனிலை என்று ‘செல்ஸ்’ மட்டும் கோடிட்டாள்; பிழை போட்டுவிட்டார்கள். தமிழில் அப்படித்தானே படித்தோம்? – ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: மகள் தமிழ் இலக்கணத்தைச் சரியாகவே படித்திருக்கிறாள். பிழை அங்கிருந்துதான் வந்தது. ‘மாமா சந்தையில் தயிர் விற்கிறார்’ என்பதில் மாமா எழுவாய், தயிர் செயப்படுபொருள், விற்கிறார் பயனிலை. ஆங்கிலத்தின் ‘பிரெடிக்கேட்’டையும் பயனிலை என்றே சொல்கிறோம், ஆனால் அதன் எல்லை பெரிது. வினையும், எதை விற்கிறார், எங்கே விற்கிறார் என்பதும் அதற்குள் அடக்கம். ஆகவே ‘மை அங்கிள்’ ஒரு துண்டு, மீதி முழுவதும் மற்றத் துண்டு.

எங்கே வெட்டுவது? வசனத்தை நேற்று நடந்ததாக மாற்றச் சொல்லுங்கள். ‘செல்ஸ்’ ‘சோல்ட்’ ஆகும். மற்றச் சொற்கள் அசையாது. மாறிய சொல்லுக்குச் சற்று முன்னால் கொப்பியில் ஒரு நிலைக்கோடு போட்டால் போதும்.

நம் பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் வேறு. ‘த ஷொப்ஸ் நியர் த பிரிட்ஜ் குளோஸ் அட் எய்ட்’ என்பதில் ‘குளோஸ்’ என்பதைக் ‘குளோசஸ்’ என்று எழுதிவிடுவார்கள். காரணம் தமிழ்ப் பழக்கம். ‘பாலத்துக்குப் பக்கத்திலுள்ள கடைகள்’ என்னும்போது முக்கியமான சொல் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஷொப்ஸ்’ முன்னால் நிற்க, விளக்கம் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. வினைக்கு அருகில் இருப்பது ‘பிரிட்ஜ்’ என்பதால் கண் அதைப் பிடித்து ஒருமையாக்கிவிடும். கோட்டுக்கு முன்னுள்ள முழுவதையும் எடுத்துவிட்டு ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’, ‘தே’ ஆகியவற்றில் ஒன்றை வைத்துப் பாருங்கள். ‘தே குளோஸ்’ சரி. ‘தே குளோசஸ்’ உடனே உறுத்தும்.

இரண்டு வினை வந்தாலும் இந்தச் சோதனையே கைகொடுக்கும். ‘த மான் ஹூ செல்ஸ் கேர்ட் இஸ் மை அங்கிள்’ என்பதில் ‘செல்ஸ்’, ‘இஸ்’ இரண்டுமே நேற்றுக்கு மாறும். ‘ஹி இஸ் மை அங்கிள்’ என்று சுருக்கினால் நிற்கிறது. எனவே கோடு ‘இஸ்’ஸுக்கு முன்னால்தான், ‘ஹூ செல்ஸ் கேர்ட்’ எழுவாயின் பகுதி.

எழுவாயை விட்டுவிடுவதும் தமிழிலிருந்து வரும் பழக்கமே. ‘அம்பாறைக்குப் போனேன்’ என்றால் ‘ஏன்’ விகுதியே ஆளைக் காட்டும். ஆங்கில ‘வென்ட்’ யாரையும் காட்டாது. ‘ஐ’ போட்டே ஆகவேண்டும். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதில் ‘எனக்கு’ என்று வருபவரும் ஆங்கிலத்தில் ‘ஐ’ ஆகி எழுவாய் இடத்துக்கு வந்துவிடுவார்: ‘ஐ ஆம் ஹங்ரி’. ‘அவர் என் மாமா’ என்பதில் வினையே இல்லை, ஆனால் ஆங்கிலத்தில் ‘இஸ்’ இல்லாமல் வசனம் முடியாது. கட்டளை மட்டும் விலக்கு. ‘குளோஸ் த டோர்’ என்பதில் ‘யூ’ மறைந்திருக்கிறது.

கோடு நேராக விழாத வசனங்களும் உண்டு. ‘இன் 1924, த ஓல்ட் பிரிட்ஜ் அட் கல்லடி வோஸ் ஓப்பண்ட்’ என்பதில் ‘இன் 1924’ முன்னால் நின்றாலும் பயனிலைக்கே உரியது. அதைக் கடைசிக்குத் தள்ளி எழுதிவிட்டுப் பிரியுங்கள். கேள்வியாக இருந்தால் முதலில் சாதாரண வசனமாக்குங்கள். ‘தெயர் ஆர் த்ரீ போட்ஸ் இன் த லகூன்’ என்பதில் ‘தெயர்’ இடத்தை நிரப்புகிறது, அவ்வளவுதான். எழுவாய் ‘த்ரீ போட்ஸ்’; வாவியில் ஒரே ஒரு தோணி நின்றால் ‘ஆர்’ ‘இஸ்’ ஆகிவிடும்.