காது வாசலில் ஓர் ஆட்டுத் தாடி

கேள்வி: காதுவலி என்று டாக்டரிடம் போனேன். காதுக்கு முன்னால் ஓர் இடத்தில் அழுத்தினார், உயிரே போய்விட்டது. சீட்டில் ‘ட்ரேகல் டெண்டர்னஸ்’ என்று எழுதியிருக்கிறார். வீட்டில் ஒருவர் ‘ட்ராகல்’ என்கிறார், இன்னொருவர் ‘ட்ராஜல்’ என்கிறார். எது சரி? பெரிய வியாதியா?

பதில்: பயப்படாதீர்கள், அது வியாதியின் பெயர் இல்லை. வலிக்காத பக்கத்துக் கன்னத்தில் விரலை வைத்துக் காதை நோக்கி நகர்த்துங்கள். துவாரத்துக்கு முன்னால் சின்னத் திண்டு மாதிரி ஒன்று தட்டுப்படும். சத்தம் தாங்காமல் காதைப் பொத்தும்போது நாம் உள்ளே தள்ளுவது அதைத்தான். பெயர் ட்ரேகஸ். ‘ட்ரேகல்’ என்றால் அதைச் சார்ந்தது, ‘டெண்டர்னஸ்’ என்றால் தொட்டால் வலிப்பது. அவ்வளவுதான்.

உச்சரிப்பில் வம்பு செய்வது நம் ‘க’. ‘ட்ரேகஸ்’ என்று எழுதினால், ‘பகல்’ என்பதில் வருகிற மாதிரி ‘ஹ’ சாயலில் படித்துவிடுகிறோம். ‘தங்கம்’ என்னும்போது வருகிறதே, அந்த அழுத்தமான ‘க’தான் இங்கே வேண்டும். முன்பாதி, சாமான் வைத்து எடுத்துவரும் ‘ட்ரே’யேதான். அழுத்தமும் அதில்தான். ‘ட்ராஜல்’ என்பவரையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒன்றுக்கு மேற்பட்டால் ஆங்கிலத்தில் ‘ட்ரேஜை’ என்பார்கள். அங்கே ‘ஜ’ வந்துவிடுகிறது.

பெயரின் கதைதான் எனக்குப் பிடித்தது. கிரேக்கத்தில் ‘த்ராகோஸ்’ என்றால் கிடா. வயதான ஆண்களின் காதில் இந்தத் திண்டின் உட்புறம் கொத்தாக முடி வளரும். கிடாவின் தாடி போலிருக்கிறது என்று இந்தப் பெயர். நான் காதுக்கருவி பொருத்துகிற ஆள். அச்செடுக்கக் காதுக்குள் பசை செலுத்தி, அது இறுகியதும் உருவும்போது, அந்தத் தாடியும் சேர்ந்து வந்து நாற்காலியை விட்டே எழும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் முதலில் கொஞ்சம் வழுவழுப்புக் களிம்பு தடவிவிடுகிறேன். (சோக நாடகத்தைக் குறிக்கும் ‘டிராஜடி’யும் இதே கிடாவில் பிறந்ததுதான்: கிடாப் பாட்டு!)

சரி, டாக்டர் ஏன் அங்கே அழுத்தினார்? காதுக் குழாயின் வெளிப்புற மூன்றிலொரு பங்கு குருத்தெலும்பு. உள்ளே மிச்சமெல்லாம் எலும்பு. ட்ரேகஸ் அந்தக் குருத்தெலும்பின் தொடர்ச்சி. குழாயின் தோல் வீங்கியிருந்தால், திண்டை அமுக்கும்போது அங்கேயும் இழுக்கும். அதனால்தான் உயிர் போனது. செவிப்பறைக்குப் பின்னால், நடுச்செவியில் மட்டும் சீழ் என்றால் பொதுவாக இப்படி வலிக்காது. வலி வெளிக்குழாயிலா, உள்ளேயா என்று விரலாலேயே பிரித்துப் பார்க்கிற வழி இது.

பஞ்சுக்குச்சியை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். குளிக்கும்போது தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொட்டுமருந்து கொடுத்திருந்தால், பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து, குளிர்ச்சி போனபின் விடுங்கள். சில்லென்று விட்டால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுத்துச் சொட்டு விட்டபின், வலி பொறுக்கிற அளவுக்கு அதே ட்ரேகஸை நாலைந்து தடவை மெதுவாக அமுக்கி விடுங்கள். மருந்து உள்ளே இறங்கும்.