வெல்டிங் ஓரம் விரிசல் விட்ட 304 குழாய்க்கு டிஇஎம் (ஊடுருவு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) வரை போக வேண்டுமா?

எர்ணாவூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே பார்ட் டைமில் எம்.இ. படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் ஒன்று, வெல்டிங்கிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி விரிசல் விட்டிருக்கிறது. எஸ்இஎம் (மேற்பரப்பைப் பார்க்கும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) படத்தில் விரிசல் கிரெயின் எல்லை, அதாவது உலோகத்தின் நுண்படிகங்கள் சந்திக்கும் கோடு, வழியாகவே ஓடுகிறது, ஆனால் அதில் தனிமங்களை அளக்கும் இடிஎஸ்ஸில் எல்லையிலும் குரோமியம் 18 சதவீதம், உள்ளேயும் 18. "அப்போ சென்சிடைஸ் ஆகலைன்னு ரிப்போர்ட்டில் எழுதிடலாமா, இல்ல காசு செலவு பண்ணி டிஇஎம் எடுக்கணுமா?"

எழுதிவிடாதீர்கள் தம்பி. அந்த 18 எதையும் நிரூபிக்கவில்லை.

வெல்டிங் சூட்டில் 450லிருந்து 850 டிகிரிக்குள் எஃகு கொஞ்ச நேரம் நின்றாலே, கார்பன் விரைந்து எல்லைக்கு வந்து குரோமியத்தோடு சேர்ந்து கார்பைடாகப் படியும். குரோமியம் மெதுவாக நகர்வது, தூரத்திலிருந்து வந்து சேராது, அதனால் எல்லையை ஒட்டிய ஒரு ஒல்லியான பட்டையில் மட்டும் அது 12 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது, அரிப்பு அங்கேதான் நுழைகிறது. சென்சிடைஸ் ஆவது என்பது இதுதான். அந்தப் பட்டை பல நேரம் 100 நானோமீட்டர்கூட இருக்காது. 20 கிலோவோல்ட்டில் எஸ்இஎம்மின் இடிஎஸ் சிக்னல் வருவதோ ஏறக்குறைய ஒரு மைக்ரான் அகலத்திலிருந்து. காசிமேட்டில் பெரிய கண் வலையை வீசிவிட்டு நெத்திலியே இல்லை என்று சொல்வது போலத்தான் இது.

எண்ணூர் கடல்காற்று, உப்பு என்று சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் சென்சிடைஸ் ஆகாத 304இல் உப்பால் வரும் விரிசல் பெரும்பாலும் கிரெயினைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். உங்கள் விரிசல் எல்லையோடு போவதே பெரிய துப்பு.

சரி, டிஇஎம்முக்கு முன்னால் ஆக்சாலிக் அமில எட்சிங் செய்யுங்கள்: 10 சதவீதக் கரைசல், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு ஆம்பியர், ஒன்றரை நிமிடம். சாதாரண மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், கிரெயினைச் சுற்றி முழுக்கப் பள்ளம் விழுந்திருந்தால் சென்சிடைஸ் ஆன அறிகுறி. பட்டறை ரிப்போர்ட்டுக்கு இதுவும் விரிசல் படமும் போதும் என்பது என் கருத்து. தீசிஸுக்கு அந்தப் பட்டையையே அளந்து காட்ட வேண்டுமானால்தான் டிஇஎம்.

அதில் பாதி வேலை சாம்பிள் செய்வதுதான். 3 மில்லிமீட்டர் வட்டு, தேய்த்து 0.1 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, இருபுறமும் அமிலக் கரைசலைப் பீய்ச்சும் இரட்டை ஜெட்டில் பாலிஷ் செய்து நடுவில் 100 நானோமீட்டருக்கும் மெல்லியதாக்க வேண்டும். அவசரமாக அழுத்தித் தேய்த்தால் 304 அந்த அழுத்தத்திலேயே காந்தத்தில் ஒட்டும் மார்ட்டன்சைட் என்ற வேறு படிக அமைப்பாக மாறும், டிஸ்லொகேஷன்களும் (அணு வரிசையில் விழும் கோடு போன்ற பிசகுகள்) குவியும், நீங்கள் பார்ப்பது குழாயின் குறை இல்லை, உங்கள் கையால் வந்த குறை. தேய்த்த பிறகு காந்தத்தில் வட்டு பலமாக ஒட்டினால் சந்தேகப்படுங்கள். ஜெட்டில் பெர்குளோரிக் அமிலம் இருந்தால் குளிரூட்டாமல், கற்றவர் துணையில்லாமல் தொடவே கூடாது, வெடிக்கும்.

டிஇஎம்முக்குள் வைத்த பிறகு, எல்லைத் தளம் எலக்ட்ரான் கற்றைக்கு இணையாக நிற்கும்வரை சாம்பிளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். சாய்வாகக் கிடந்தால் இரண்டு கிரெயினும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குரோமியக் குறைவு உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். அப்புறம் கற்றையைப் புள்ளியாகக் குவித்து நகர்த்தும் ஸ்டெம் முறையில், கார்பைடின் மேல் போகாமல் இரண்டு கார்பைடுக்கு நடுவில் எல்லையைக் குறுக்காகக் கடந்து, குரோமியத்தைப் புள்ளி புள்ளியாக அளக்கும் லைன் ஸ்கேன் எடுங்கள். நேர்கோடாக ஓடும் இரட்டைப் படிக எல்லைகளை எடுக்காதீர்கள், அங்கே கார்பைடு சுலபமாகப் படியாது.

டிஸ்லொகேஷன் பற்றியும் எழுதப் போகிறீர்கள் என்றால் ஒரே படத்தை வைத்து எண்ணாதீர்கள். அணுத்தளம் எந்தத் திசையில் வளையவில்லையோ அந்தத் திசைப் பிரதிபலிப்பில் எடுத்தால் டிஸ்லொகேஷன் மறைந்துவிடும், குறைந்தது இரண்டு மூன்று திசைகளில் எடுக்க வேண்டும். 1956இல் ஜெனீவாவில் போல்மன் டிஸ்லொகேஷன்களை டிஇஎம்மில் பார்த்ததும் இதே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில்தான், அதனால் படித்துத் துணைகொள்ள நிறையவே இருக்கிறது.

ஒப்பிட்டுக் காட்ட, அதே குழாயில் வெல்டிங்கிலிருந்து ஓர் அடியாவது தள்ளிய துண்டு ஒன்றும் வேண்டும். மீதிக் குழாய் ஸ்கிராப்புக்குப் போகும் முன், இந்த வாரமே அறுத்து, எங்கே எடுத்தது என்று எழுதி வைத்துவிடுங்கள்.