ஐரோப்பிய நகரங்களில் பார்க்கவேண்டிய சின்னச் சதுக்கங்கள் எவை?

எல்லோரும் போகும் பெரிய சதுக்கங்கள் வேண்டாம், சின்னதாக, அழகாக, கொஞ்ச நேரம் உட்காரும்படி எவை இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பார்சிலோனாவின் சான்ட் ஃபெலிப் நேரி சதுக்கம்.

கதீட்ரலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் சந்துக்குள் சந்தாகப் போகவேண்டும். நடுவில் எண்கோண நீரூற்று, சில மரங்கள், ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம். அவ்வளவுதான். தேவாலயத்தின் முகப்புச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள், கல் குழி குழியாகப் பெயர்ந்திருக்கும். ஸ்பெயினின் உள்நாட்டுப் போரின்போது, 1938 ஜனவரி 30 அன்று, அரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி ஃபிராங்கோவுக்கு ஆதரவாக வந்த இத்தாலிய விமானங்கள் இங்கே குண்டு போட்டன. 42 பேர் இறந்தார்கள். தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்த குழந்தைகள்தான் அவர்களில் அதிகம். அந்தக் குழிகளைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். சுற்றியிருந்த வீடுகள் இடிந்துபோனதால், செருப்புத் தைப்பவர் சங்கத்தின் பழைய கட்டடத்தை வேறு இடத்திலிருந்து பெயர்த்து வந்து இங்கே வைத்தார்கள். பார்க்க ஒரே காலத்தில் கட்டியது போல இருக்கும், உண்மையில் பாதி ஒட்டுவேலை. கட்டடக் கலைஞர் கௌடி 1926-ல் டிராம் மோதி விழுந்தபோது, வழக்கம்போல இந்தத் தேவாலயத்துக்குத்தான் நடந்து வந்துகொண்டிருந்தார். பள்ளி இடைவேளையில் போனால் பிள்ளைகளின் கூச்சல் காதைப் பிளக்கும். அமைதியை விட எனக்கு அதுதான் பிடிக்கும், உங்களுக்கு எப்படியோ.

இத்தாலியில் லூக்காவுக்குப் போங்கள். ஃபிளாரன்ஸிலிருந்து ரயிலில் ஒரே நாளில் போய்வரலாம். அங்குள்ள ஆம்ஃபிதியேட்டர் சதுக்கம் சதுரமே இல்லை, முட்டை வடிவம். ரோமானியர் காலத்தில் வீரர்கள் மோதிய அரங்கம் அது. பிற்காலத்தில் அதன் கற்களை மக்கள் எடுத்துப்போனார்கள், மிச்சமிருந்த வளைவுகளின் மேலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். 1830-களில் நொட்டோலினி என்ற கட்டடக் கலைஞர் நடுவில் அடைத்துக்கொண்டிருந்த கட்டடங்களை இடித்துத் திறந்துவிட்டார், பழைய அரங்கின் வடிவம் வெளியே வந்தது. உள்ளே படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். வெளிப்பக்கத் தெருவில் ஒரு சுற்று வந்தால், வீட்டுச் சுவர்களுக்குள் ரோமானிய வளைவுகள் புதைந்திருப்பது தெரியும்.

வெனிஸில் சான் மார்க்கோ என்ற பெரிய சதுக்கத்தைப் பார்க்காமல் யாரும் திரும்பமாட்டார்கள், சரி. அதோடு சான் ஜாக்கமோ தெல் ஓரியோ சதுக்கத்துப் பக்கமும் போங்கள். மரநிழல், பெஞ்சு, பந்து விளையாடும் பிள்ளைகள் என்று ஊர்க்காரர்கள் இன்னும் புழங்கும் இடம். வெனிஸின் இப்படிப்பட்ட சதுக்கங்கள் பலவற்றில் கல்லில் செதுக்கிய கிணற்று வாய் ஒன்று இருக்கும். உண்மையில் அது கிணறு அல்ல, மழைநீர்த் தொட்டி. சுற்றிலும் உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் குடிநீருக்கு எங்கே போவது? தரையைத் தோண்டி, உப்புநீர் கசியாதபடி களிமண் பூசி, உள்ளே மணல் நிரப்பி, நடுவில் செங்கல்லால் குழாய் போலக் கட்டினார்கள். தரையிலுள்ள துளைகள் வழியே இறங்கும் மழைநீர் மணலில் வடிகட்டி நடுக்குழாயில் சேரும். 1884-ல் நிலப்பகுதியிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊர் இதைத்தான் குடித்தது. இப்போது மேலே மூடி போட்டிருக்கிறார்கள். அந்தத் துளைகளைத் தரையில் தேடிப் பாருங்கள்.

ரோமில் மத்தேயி சதுக்கம் ஆமை நீரூற்றுக்காக. நீரூற்று 1580-களில் வந்தது, மேல் விளிம்பில் ஏறும் வெண்கல ஆமைகள் 1650-களின் கடைசியில்தான் சேர்ந்தன. சிற்பி பெர்னினி செய்தவை என்பார்கள். 1979-ல் ஒன்று திருடுபோனதால் இப்போது இருப்பவை நகல்கள். சூதாட்டத்தில் சொத்தை இழந்த மாப்பிள்ளை, மாமனாரை அசத்த ஒரே ராத்திரியில் இதைக் கட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். கட்டி முடிக்க வருடக்கணக்கில் ஆன வேலை அது! கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகருங்கள்.

அப்புறம் லிஸ்பனின் கார்மோ சதுக்கம். 1755 நிலநடுக்கத்தில் கூரை இழந்த தேவாலயம் ஒரு பக்கம், போர்ச்சுகலின் சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்த 1974 ஏப்ரல் 25 புரட்சியில் பிரதமர் கயெத்தானோ சரணடைந்த காவல்படை முகாம் அதை ஒட்டியே. மே கடைசி, ஜூன் வாக்கில் போனால் ஜகரண்டா மரங்கள் ஊதா நிறத்தில் பூத்திருக்கும்.

பாரிஸின் ஃபூர்ஸ்டென்பெர்க் சதுக்கத்தையும் பலர் சொல்வார்கள். அழகுதான், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஓவியர் தெலக்ருவா கடைசிக் காலத்தில் இருந்த வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது, அதற்காக வேண்டுமானால் போகலாம்.

செலவைப் பொறுத்தவரை, சதுக்கத்தில் உட்காரக் காசு இல்லை, கஃபே நாற்காலியில் உட்காரத்தான் காசு. இத்தாலியில் அதே காபியைக் கவுண்டரில் நின்று குடித்தால் விலை குறைவு, மேஜைக்கு வந்தால் கூடிவிடும். உட்காரும் முன் விலைப்பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.